உணவு அறிவியல், வேதிப் பொறியியல் இரட்டைப் பட்டம்: கூடுதலாக ஓர் ஆண்டு கொடுப்பது சரியா?

இளவேனில்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். வேதியியலும் கணிதமும் எனக்குப் பிடித்த பாடங்கள். உணவு எப்படிக் கெடுகிறது, எப்படிக் கெடாமல் காக்கப்படுகிறது என்று தேடித் தேடிப் படிக்கும் பழக்கமும் உண்டு. இப்போது உணவு அறிவியலையும் வேதிப் பொறியியலையும் சேர்த்துப் படிக்கும் இரட்டைப் பட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பொறியியல் மட்டும் என்றால் 4 ஆண்டுகள். இரண்டும் சேர்ந்தால் 5.

"பொறியியலை மட்டும் படி, உணவைப் பற்றி வேலைக்குப் போன பிறகு தெரிந்துகொள்ளலாம்" என்கிறார்கள் வீட்டில். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு படிப்பிலும் ஒரே பாடங்கள் திரும்பத் திரும்ப வருமா? அந்த ஐந்தாம் ஆண்டில் புதிதாக என்ன கற்பேன்? இரண்டிலும் அரைகுறையாக நின்றுவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. துறையில் இருப்பவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

ஆவிக்கலன்

வாழ்த்துகள், இளவேனில். நான் பால்பொடி ஆலையில் உற்பத்திப் பொறியாளர். படித்தது வேதிப் பொறியியல் மட்டும். ஆலையில் தினமும் பார்க்கும் ஒன்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

பாலைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றியில் சில மணி நேரம் பால் ஓடியதும் உள்ளே படிவு சேரத் தொடங்கும். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அழுத்த இழப்பு மெல்ல ஏறும். வெளியே வரும் பாலின் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்த நீராவி வால்வு மேலும் மேலும் திறந்துகொண்டே போகும். இந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் வெப்பக் கடத்தல் எவ்வளவு குறைந்திருக்கிறது, இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று ஒரு வேதிப் பொறியாளர் கணக்குப் போட்டுவிடுவார். அதற்கான பயிற்சி எங்களுக்கு நன்றாகவே கிடைக்கிறது.

ஆனால் பரிமாற்றியைத் திறந்து பார்த்தால், சூடு குறைந்த பகுதியில் படிவு வெண்மையாக, மெத்தென்று, விரலால் வழித்தெடுக்கும்படி இருக்கும். 110 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பகுதியில் சாம்பல் நிறத்தில், கரடுமுரடாக, சுரண்டினாலும் வராதபடி இருக்கும். முதலாவதில் பாதிக்கு மேல் புரதம். இரண்டாவதில் பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட் போன்ற தாதுக்கள். பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற மோர்ப் புரதம் 70 டிகிரியைத் தாண்டும்போது விரிந்து, அதன் உள்ளே மறைந்திருந்த கந்தகத் தொகுதி வெளியே வந்து, ஒன்றோடொன்று பிணைந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதை எனக்கு எந்தப் பொறியியல் வகுப்பும் சொல்லித்தரவில்லை.

எங்கள் ஆலையில் இதற்குத் தீர்வு சொன்னவர் இரண்டும் படித்த ஓர் இளம் பொறியாளர். அதிவெப்பப் பகுதிக்குப் போகும் முன்பே, பாலைச் சில நிமிடங்கள் ஒரு தாங்குகுழாயில் நிறுத்திவைத்தால் புரதம் அங்கேயே விரிந்து பிணைந்துவிடும். பிறகு சூடான சுவரில் ஒட்டுவது குறையும் என்றார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் என்பதைப் புரதத்தின் வினைவேகத்திலிருந்து எடுத்தார். அதற்கான குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பாய்ம இயக்கவியலிலிருந்து எடுத்தார். இரண்டு துறைக்காரர்கள் பலமுறை கூடிப் பேச வேண்டிய வேலை, ஒரே தாளில் முடிந்தது. ஐந்தாம் ஆண்டு என்ன தரும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மறுபக்கம்

ஆவிக்கலன் சொன்னது நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாணவர் முடிவெடுக்கும்போது எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஓர் ஆண்டு கூடுதல் என்றால் ஓர் ஆண்டுக் கட்டணம் மட்டும் போவதில்லை. அந்த ஆண்டில் கிடைத்திருக்கக்கூடிய சம்பளமும் போகிறது. வேதிப் பொறியியல் மட்டும் படித்தவர்களை உணவு நிறுவனங்கள் தாராளமாக வேலைக்கு எடுக்கின்றன. பம்பு, ஆவியாக்கி, உலர்த்தி, வடிகட்டி ஆகியவற்றின் அடிப்படை எங்கும் ஒன்றுதான். இன்று பால் ஆலையில் இருப்பவர் நாளை மருந்து ஆலைக்கோ நீர்ச் சுத்திகரிப்புக்கோ போகலாம். உணவு அறிவியல் மட்டும் படித்தவருக்கு அந்த வசதி குறைவு. பொறியாளர் என்ற தகுதி கேட்கும் பதவிகளுக்கு அவரால் விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம். ஆக, ஒன்றுதான் என்றால் பொறியியல். விருப்பப் பாடங்களாக உணவுப் பொறியியலை எடுத்துக்கொண்டு, விடுமுறைப் பயிற்சியை ஓர் உணவு ஆலையில் செய்தால் பெரும்பாலானோருக்கு அது போதும்.

இன்னொன்று. இரட்டைப் பட்டத்தில் பொறியியல் பகுதிக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் நாடுகள், ஒருவர் அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்றவரும் ஏற்கின்றன. பெயரில் பொறியியல் என்று இருந்து அங்கீகாரம் இல்லாத படிப்புகளும் உண்டு. அதில் மாட்டிக்கொண்டால் ஐந்து ஆண்டு படித்தும் பொறியாளராகப் பதிவு செய்ய முடியாத நிலை வரலாம்.

தேன்சிட்டு

நான் இந்த இரட்டைப் பட்டத்தைப் படித்து முடித்தவள். இளவேனில் கேட்ட "ஒரே பாடம் திரும்ப வருமா" என்ற கேள்வியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாண்டுக் கணிதம், இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் பொது. அவற்றை ஒருமுறைதான் படிப்பீர்கள், கிரெடிட் இரண்டு பக்கமும் சேரும். வெப்ப இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம் போன்றவற்றை நீங்கள் பொறியியலில் முடித்துவிடுவதால் உணவுப் பொறியியலின் அறிமுகப் பாடத்துக்கு விலக்கு கிடைக்கலாம். இப்படிச் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் ஏழு ஆண்டுப் படிப்பு ஐந்தில் அடங்குகிறது.

பெயரளவில் ஒன்றாகத் தெரியும் சில தலைப்புகள் இருமுறை வரும். ஆனால் வருவது வேறு வேறு முகத்தோடு. தெளிப்பு உலர்த்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் வகுப்பில் அது காற்றும் நீரும் பற்றிய கணக்கு. சுமார் 180 டிகிரியில் காற்று உள்ளே போகிறது. பால் துளியோ நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை 50 டிகிரி அளவிலேயே நிற்கிறது. காற்று 80, 90 டிகிரியில் வெளியேறுகிறது. ஏன் துளி கருகுவதில்லை என்பதற்கு அந்த வகுப்பில் விடை உண்டு. ஆனால் பொடி ஏன் உலர்த்தியின் சுவரில் அப்பிக்கொள்கிறது, மூட்டையில் ஏன் கட்டி தட்டுகிறது என்பதற்கு விடை உணவு வேதியியல் வகுப்பில்தான் கிடைத்தது. வேகமாக உலரும்போது லாக்டோஸ் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடி நிலையில் உறைகிறது. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் அந்தக் கண்ணாடி இளகும் வெப்பநிலை மளமளவென்று சரிந்து, பொடி பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். இரண்டு வகுப்புகளும் ஒரே செமஸ்டரில் அமைந்தது எனக்கு வாய்த்த நல்லூழ். ஒன்றில் போட்ட கணக்கை மற்றொன்றில் நேரே பயன்படுத்த முடிந்தது.

சிரமம் எங்கே என்றும் சொல்ல வேண்டும். சிரமம் பாடத்தில் இல்லை, கால அட்டவணையில். உணவு நுண்ணுயிரியல் ஆய்வகமும் பொறியியல் ஆய்வகமும் ஒரே நாளில் விழும். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு அட்டவணை போடுவதில்லை. பொறியியல் பாடங்கள் சங்கிலியாக வரும்: நிறை, ஆற்றல் சமன்பாடுகளை முடித்தால்தான் பாய்ம இயக்கவியல், அதை முடித்தால்தான் வெப்ப, நிறைப் பரிமாற்றம், அதற்குப் பிறகே வினைகலன் வடிவமைப்பு, கடைசியில் ஆலை வடிவமைப்புத் திட்டம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்படும் ஒரு பாடம் தவறினால் மொத்தச் சங்கிலியும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் ஆறாம் ஆண்டு வரை போனதற்கு இதுதான் காரணம். பாடத்தில் தோற்றவர்கள் அல்ல அவர்கள்.

மறுபக்கம் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உணவுச் சட்டம், ஊட்டச்சத்து போன்றவற்றை வேலையில் சேர்ந்த பின் படித்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்கிறேன். நுண்ணுயிரியலை அப்படிக் கற்க முடியாது. தட்டில் வளர்ந்த கூட்டங்களை எண்ணி, நிறத்தைப் பார்த்து, சந்தேகப்பட்டு, திரும்பவும் வளர்த்துப் பார்க்கும் பழக்கம் ஆய்வகத்தில் மேசையருகே நின்று வருவது.

இளவேனில்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பாலில் நடப்பது புரிந்தது. படிக்கும்போதே இரண்டு துறைகளும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா? கணிதம் எவ்வளவு வேண்டும் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

நிறைவிகிதம்

இளவேனில், இந்தப் பாடத்தை நடத்துபவன் நான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டப்பாவில் அடைத்த உணவுதான் அந்த இடம். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையை 1810-இல் வெளியிட்டபோது, உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்தான் காரணம் என்று பாஸ்டர் நிறுவியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது எண்ணாக மாறியது 1920-களில்தான். 1922-இல் எஸ்டி, மேயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும், கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (சூட்டைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவம்) எப்படிச் சாகின்றன என்று அளந்து வெளியிட்டார்கள். 1923-இல் சார்லஸ் ஆலின் பால் என்ற ஆய்வாளர் அதை டப்பாவுக்குள் வெப்பம் ஊடுருவும் கணக்கோடு இணைத்தார். ஒருபுறம் நுண்ணுயிரியல், மறுபுறம் வெப்பக் கடத்தல். நூறு ஆண்டுகளாக இந்த இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கின்றன.

கணக்கு இப்படி. 121.1 டிகிரியில் அந்த வித்துகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய 0.21 நிமிடம் ஆகும். இப்படிப் பன்னிரண்டு முறை குறைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி: 12-ஐ 0.21-ஆல் பெருக்கினால் 2.52 நிமிடம். நடைமுறையில் 3 நிமிடத்தைக் குறைந்தபட்சமாகக் கொள்வார்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் நேரம் பத்து மடங்காகும். 10 டிகிரி ஏறினால் பத்தில் ஒன்றாகும். இந்த விதி பிஎச் 4.6-க்கு மேலே உள்ள, நீர் மிகுந்த உணவுக்கு. அதற்குக் கீழே அந்த வித்து முளைக்காது, ஆகவே கொதிநீர்ச் சூடே போதும். 4.6 என்ற அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று சொல்பவர் உணவு அறிவியலாளர்.

அந்த 3 நிமிடம் டப்பாவின் எந்த இடத்தில்? அதைச் சொல்பவர் பொறியாளர். நீர்த்த சூப் என்றால் உள்ளே சுழற்சி ஏற்பட்டு வெப்பம் பரவும். கடைசியாகச் சூடேறும் இடம் மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். கெட்டியான விழுது என்றால் வெப்பம் கடத்தலால் மட்டுமே நகரும். கடைசி இடம் நட்டநடு மையம். அங்கே வெப்பநிலை நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கணத்திலும் நடந்த அழிவைத் தொகையிட வேண்டும்.

மாவுச்சத்து சேர்ந்த சூப்பில்தான் மாணவர்கள் திணறுவார்கள், எனக்குப் பிடித்த இடமும் அதுதான். தொடக்கத்தில் அது நீர்த்திருக்கும், சுழற்சியால் வேகமாகச் சூடேறும். பாதி வழியில் மாவு வெந்து கெட்டியாகிவிடும். சுழற்சி நின்று கடத்தல் மட்டும் மிஞ்சும். வரைபடத்தில் கோடு சட்டென்று உடைந்து சாய்வு மாறும். பொறியியல் மட்டும் தெரிந்தவர் அந்த உடைப்பைப் பார்த்துக் கருவிக் கோளாறு என்று நினைப்பார். உணவு அறிவியல் மட்டும் தெரிந்தவர் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதில் நின்றுவிடுவார். வித்து சாகாத டப்பா கடைக்குப் போனால் அதை உண்பவரின் உயிருக்கே ஆபத்து. அதனால் இந்த இடத்தில் நான் மாணவர்களிடம் கடுமையாகவே இருப்பேன்.

இன்னொரு படியும் உண்டு. 10 டிகிரி ஏறினால் வித்து பத்து மடங்கு வேகமாகச் சாகும். தயமின் என்ற பி1 வைட்டமினோ சுமார் இரண்டரை மடங்கு வேகமாகத்தான் அழியும். ஆகவே அதிகச் சூட்டில் மிகக் குறைந்த நேரம் வைத்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும், சத்தும் மிஞ்சும். 135 டிகிரிக்கு மேலே சில விநாடிகள் மட்டும் பாலைச் சூடாக்கும் முறை பிறந்தது இதனால்தான். கெட்டியான உணவை டப்பாவிலேயே வைத்து இதைச் செய்ய முடியாது, மையம் சூடேறும் முன் ஓரம் கருகிவிடும்.

கணிதத்தைப் பொறுத்தவரை: நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல். முதல் இரண்டும் பொறியியலுக்கு. மூன்றாவதை உணவு அறிவியல் பக்கம் நிறையவே கேட்பார்கள், குறிப்பாகச் சுவைச் சோதனைகளில்.

மறுபக்கம்

ஐயா, இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. ஆனாலும் என் வாதம் நிற்கிறது. நீங்கள் சொன்னதை ஓர் ஆழமான உணவுப் பொறியியல் விருப்பப் பாடத்தில் கற்றுவிடலாம். அதற்காக இரண்டாவது பட்டமே வேண்டுமா? கல்விக்கடன் வாங்கிப் படிப்பவருக்கு அந்த ஓர் ஆண்டு பெரிய பாரம்.

நிறைவிகிதம்

வெப்பக் கணக்கை மட்டும் கற்க வேண்டும் என்றால் விருப்பப் பாடம் போதும். கடன்சுமை உள்ளவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் புதிதாக ஓர் உணவு வரும்போது எந்த நுண்ணுயிரை இலக்காக வைப்பது, எந்தப் புரதம் எங்கே கெடும் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விருப்பப் பாடம் அந்தத் தீர்மானத்தை முன்கூட்டியே எடுத்து, கணக்கை மட்டும் மாணவர் கையில் கொடுக்கிறது.

சல்லடை

உணவுப் பாதுகாப்புத் தணிக்கை என் வேலை. எல்லோரும் வெப்பத்தைப் பற்றியே பேசுவதால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இன்று பெரும்பாலான உணவு ஆலைகளில் இருக்கும் ஹாசப் என்ற உணவுப் பாதுகாப்பு முறை எப்படி வந்தது தெரியுமா? விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தயாரிக்க 1959-இலிருந்து பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் அமெரிக்க ராணுவத்தின் நாட்டிக் ஆய்வகமும் சேர்ந்து வேலை செய்தார்கள். முடிந்த பொருளைச் சோதித்தே பாதுகாப்பை உறுதிசெய்வது என்றால், தயாரித்ததில் பெரும்பகுதி சோதனைக்கே போய்விடும். ஆகவே எந்தப் படியில் எது தவறலாம் என்று முன்கூட்டியே ஆராயும் பொறியியல் முறையை உணவுக்குக் கொண்டுவந்தார்கள். 1971-இல் அது பொதுவில் முன்வைக்கப்பட்டது. 1993-இல் பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு ஏற்றது.

தணிக்கைக்குப் போகும்போது இரண்டு வகை ஓட்டைகளைப் பார்க்கிறேன். பொறியாளர் வரைந்த குழாய் அமைப்பில் அழுத்தம், ஓட்டம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கிளைக்குழாய் ஒன்றை மூடிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். கழுவும் திரவம் அந்த முட்டுச்சந்துக்குள் புகுந்து திரும்பாது. மீதமான பால் அங்கே தேங்கி, லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி குடியேறும். குழாய் தானாக வடியும்படி சாய்வு வைத்திருக்க மாட்டார்கள். உட்புறச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுவகை, உணவு அறிவியலாளர்கள் மட்டும் நடத்தும் ஆலை. நுண்ணுயிர்ப் பதிவேடுகள் மணிமணியாக இருக்கும். தலைக்கு மேலே உத்தரத்தில் விரல் தடிமனுக்குச் சர்க்கரைத் தூசியோ மாவுத் தூசியோ படிந்திருக்கும். அது வெடிபொருள் என்ற எண்ணமே இருக்காது. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலையில் நடந்தது அதுதான். மூடப்பட்ட கன்வேயரில் ஒரு வெடிப்பு. அந்த அதிர்வில் ஆலை முழுவதும் படிந்திருந்த தூசி கிளம்பி, அடுத்தடுத்து வெடித்தது. 14 பேர் இறந்தார்கள். வேதிப் பொறியியலில் நிகழ்முறைப் பாதுகாப்பு என்று தனிப் பாடமே உண்டு. உணவு அறிவியல் மாணவர்கள் பலர் அதைக் கேள்விப்படாமலேயே ஆலைக்கு வருகிறார்கள். இரண்டும் படித்தவர் ஒருவர் ஆலையில் இருந்தால் என் தணிக்கை அறிக்கையே வேறு மாதிரி இருக்கும்.

கற்பூரவல்லி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் உணவு அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது பொறியியலையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தேன்சிட்டு

முடியும், ஆனால் முதலாண்டில் நீங்கள் எடுத்த கணிதம் எது என்பதைப் பொறுத்தது. அறிவியல் மாணவர்களுக்கான எளிய கணிதம் என்றால், பொறியியல் கணிதத்திலிருந்து தொடங்க வேண்டிவரும். நான் மேலே சொன்ன சங்கிலியே அதற்குப் பிறகுதான் தொடங்கும். அப்படியானால் உணவு அறிவியலை முடித்துவிட்டு, உணவுப் பொறியியலில் முதுகலைக்குப் போவது சில சமயம் குறுகிய வழி. இரண்டு வழியிலும் எத்தனை ஆண்டு ஆகும் என்று துறை அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இளவேனில் வேலைவாய்ப்பைப் பற்றி நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இரண்டு பட்டம் என்பதற்காக இரண்டு மடங்கு சம்பளம் யாரும் தரமாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு பொறியாளருக்கு உள்ளதுதான். புதிய பொருளை ஆய்வகத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுபோகும் குழுக்களில் வித்தியாசம் தெரியும்: தாவரப் புரதம் பிரித்தல், நொதித்தல் மூலம் புரதம் தயாரித்தல், மீமாறுநிலையில் (வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட நிலையில்) உள்ள கரியமில வாயுவைக் கொண்டு காபிக்கொட்டையிலிருந்து காஃபீன் எடுத்தல். கடைசியில் சொன்னதில் வாயு 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அளவு அழுத்தத்துக்கும் மேலே இருக்க வேண்டும். அந்தக் கலனை வடிவமைக்கவும் தெரிய வேண்டும், மணம் போகாமல் காஃபீன் மட்டும் போகிறதா என்று சுவைக்கவும் தெரிய வேண்டும். நான் இருப்பது அப்படி ஒரு குழுவில்தான். இந்த வேலையை விட்டு வேறெங்கும் போக எனக்கு மனமில்லை.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் வீட்டில் படித்துக் காட்டினேன். முதலாண்டுப் பாடங்கள் பொதுவானவை என்பதால், இரட்டைப் பட்டத்தில் சேர்ந்துவிட்டு, தேவைப்பட்டால் பொறியியல் மட்டும் என்று மாறிக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று அப்பா கேட்கிறார்.

மறுபக்கம்

அப்பா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெரும்பாலான இடங்களில் அந்த வழி உண்டு. அப்படி இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விட்டது, சேருங்கள். இரண்டாம் ஆண்டின் இறுதிவரை எதையும் இழக்காமல் மாறலாமா என்பதை மட்டும் சேரும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆவிக்கலன்

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள். ஆலை வடிவமைப்புத் திட்டத்தை ஓர் உணவு ஆலையின் மீது செய்ய அனுமதி உண்டா, அதைப் பொறியியல் அங்கீகாரக் குழு ஏற்குமா என்று. ஏற்கும் என்றால் இரண்டு துறை ஆசிரியர்களையும் ஒரே திட்டத்துக்கு வழிகாட்டிகளாகக் கேட்கலாம். முதல் விடுமுறையில் பயிற்சிக்கு ஆலை கிடைத்தால், உற்பத்தி நேரத்தைவிட, கழுவும் நேரத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். எரிசோடா முதலில் ஏன், நைட்ரிக் அமிலம் பிறகு ஏன் என்று அங்கே இருக்கும் ஆபரேட்டரிடம் கேட்டால், புரதப் படிவையும் தாதுப் படிவையும் அவரே திறந்து காட்டுவார்.